நஞ்சப்பன் வராத பந்தயம்

தை பிறக்க இன்னும் ஒரு வாரம் இருக்கும்போதே மயிலாள் பரணிலிருந்த பித்தளைப் பாத்திரங்களை இறக்கிவிட்டாள். வீட்டு முன்கட்டு ஆசாரத்தில் சாக்கை விரித்து, புளியும் செங்கல்பொடியுமாக உட்கார்ந்தாள். அண்டா, தவலை, குண்டா, போசி. இதில் கடைக்குப் போய் வாங்கியது ஒன்றுகூட இல்லை. எல்லாம் அவள் புருசன் ஆறுச்சாமி ரேக்ளாப் பந்தயத்தில் மாட்டுவண்டி ஓட்டி வாங்கிவந்தவை. ஒவ்வொன்றின் கழுத்திலும் ‘ஆறுச்சாமி, இரண்டாம் பரிசு’ என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். பந்தயத்துக்கு முந்தின நாளே கமிட்டிக்காரர்கள் அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறையில் பேரை வெட்டி வாங்கி வந்துவிடுகிறார்கள் என்று டீக்கடை சுப்பண்ணன் சொல்லிச் சிரிப்பான்.

“வாங்குனவருக்கென்ன, தேய்க்கறவளுக்கில்ல கை நோவுது” என்று தவலையிடம் சொன்னாள் மயிலாள்.

முதல் பரிசு வெள்ளிக் கோப்பை. அது எப்போதும் பெருமாநல்லூர் ரோட்டுத் தோட்டத்து நஞ்சப்பனுக்குத்தான். அவள் கல்யாணமாகி வந்த எண்பத்தோராம் வருசத்திலிருந்து அப்படித்தான். தை மாசம் முழுக்க ஊருக்கு ஊர் பந்தயம் நடக்கும். வண்டிகளைச் சேர்த்து விடமாட்டார்கள், ஒவ்வொன்றாகத்தான் விடுவார்கள். எல்லைக்கோட்டில் ஒருவர் ஸ்டாப்வாட்ச்சோடு நிற்பார். ஓடி முடிந்ததும் நேரத்தை மைக்கில் சொல்லிக் கரும்பலகையில் எழுதுவார்கள். சீட்டுக் குலுக்கும்போது நஞ்சப்பனுக்குப் பின்னால் தன் வண்டி வரவேண்டும் என்று ஆறுச்சாமி மாகாளியம்மனை வேண்டிக்கொள்வான். அவர் நேரத்தைக் காதில் வாங்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவான். கண்ணை மூடித் திறக்கிற நேரத்தில் தோற்பான். அடுத்த ஞாயிறு அடுத்த ஊர், அடுத்த அண்டா.

தோற்றவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தானா என்றால், அதுவும் இல்லை. “இன்னிக்கு நஞ்சப்பண்ணனுக்கு வேர்த்துப்போச்சு புள்ள” என்று சந்தோசமாக வருவான். அடுத்த தைக்குள் பிடித்துவிடலாம் என்று மாடுகளுக்குப் பருத்திக்கொட்டையைக் கூட்டுவான். வருசம் பூராவும் அவன் நடையில் ஒரு வேகம் இருக்கும்.

எண்பத்தேழில் நஞ்சப்பன் முதலிபாளையத்தில் பனியன் கம்பெனி போட்டார். மாட்டு ஜோடியைப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மில்காரருக்கு விற்றார். அடுத்த தையில் வண்டி பூட்டவில்லை. அவ்வளவுதான்.

அந்தத் தையை மயிலாளும் போய்ப் பார்த்தாள். “நஞ்சப்பன் அவர்கள் இந்த வருசம் கலந்துகொள்ளவில்லை” என்று மைக்கில் சொன்னதும், வேலியோரம் உட்கார்ந்திருந்த சனத்தில் பாதி வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தது. கரும்பு விற்றவன் கட்டை அவிழ்க்காமலே சைக்கிளைத் திருப்பினான். ஆறுச்சாமி ஓட்டினான், முதலாவதும் வந்தான். பலகையில் நேரம் எழுதினதும் சுப்பண்ணன்தான் வாயைத் திறந்தான்.

“ஏனுங் மாப்ள, போன வருசம் ரெண்டாவது வந்தப்ப இதைவிட வெரசா ஓட்டுனீங்களே! நஞ்சப்பன் லீவு போட்டதுல நீங்க பஸ்ட் மார்க் வாங்கிட்டீங்க போங்க!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த மாசம் போன ஊரிலெல்லாம் ஆறுச்சாமிக்குத்தான் கோப்பை. போன ஊரிலெல்லாம் அதே பேச்சு. வெள்ளிக் கோப்பைகளைக் கொண்டுவந்து நெல் மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிட்டான். அவற்றைத் தேய்க்கச் சொல்லி அவன் கேட்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

“செயிச்சாச்சல்லங்க? இன்னும் என்ன மூஞ்சி?” என்று கேட்டாள்.

“எதைத் தொடோணும்னு தெரியாம எப்புடிப் புள்ள ஓட்டறது?”

“தோத்தப்பச் சிரிச்சீங்க, செயிச்சப்ப அழுகறீங்க. நான் எந்தச் சாமிகிட்டப் போய்ச் சொல்லுவேன்?”

அதோடு போயிருந்தால் தேவலை. ஐப்பசியில் ஒரு நாள் அவளுடைய கறவை எருமையை ஓட்டிக்கொண்டு போனான். மூன்றாம் நாள் நஞ்சப்பனின் பழைய மாட்டு ஜோடியோடு வந்து இறங்கினான். எருமை விற்ற காசு போதாமல் தோட்டத்து மஞ்சளையும் சேர்த்துக் கொடுத்திருந்தான்.

“நமக்குத்தான் ஒரு ஜோடி இருக்குதே. இதுக யாருக்கு?”

“நஞ்சப்பண்ணனுக்கு. தைக்கு அவர் ஓட்டட்டும். தீனி நாம போடலாம். அவரு வந்து ஓட்டோணும், நான் செயிக்கோணும். அன்னிக்கு எவன் பேசறான்னு பாக்கறேன்.”

“அவருகிட்டக் கேட்டீங்களா?”

கேட்கவில்லை. மாட்டைப் பார்த்தால் மனுசன் மறுக்கமாட்டான் என்று நம்பினான். அன்றிலிருந்து நாலு காளைக்குச் சோளத்தட்டு சுமந்ததும், நாலுக்குத் தண்ணி இறைத்ததும் மயிலாள்தான். எருமை போனதில் மோரும் போயிற்று. சாராயம், சீட்டு என்று ஒன்றும் தெரியாத புருசன் என்று அம்மா வீட்டில் பெருமை பேசினவள்தான். இதற்கு அதுவே தேவலைபோல என்று அந்த மாசங்களில் பலதடவை நினைத்தாள்.

இப்போது தவலையைக் கவிழ்த்து அடியைத் தேய்க்கும்போது வாசலில் கார் வந்து நின்றது. நஞ்சப்பன் இறங்கினார். வெள்ளைச் சட்டை, கையில் பத்திரிகைக் கட்டு, முன்பு இல்லாத தொப்பை.

“என்ன அம்மிணி, பாத்திரக்கடை போட்டுட்டியா?”

“எல்லாம் நீங்க குடுத்ததுதானுங்கண்ணா” என்றாள் மயிலாள், கையைக் கழுவிக்கொண்டே.

கம்பெனிக்குப் புதுக் கட்டடமாம். தையிலேயே திறப்பு. பத்திரிகை கொடுக்க வந்திருந்தார். ஆறுச்சாமி அவரை உட்காரக்கூட விடவில்லை, கையைப் பிடித்து மாடுகள் நின்ற கட்டுத்தரைக்குக் கூட்டிப்போனான். பின்னாலேயே மயிலாளும் போனாள். வலத்துக் காளை அவரை அடையாளம் கண்டுகொண்டு நாக்கை நீட்டி அவர் கையை நக்கியது. நஞ்சப்பன் அதன் நெற்றியைத் தட்டிக்கொடுத்தார். பிறகு பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார்.

மயிலாளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆறுச்சாமிக்குத் தெரியவில்லை. ஆசாரத்துக்குத் திரும்பி வந்து மோருக்குப் பதிலாகக் கடுங்காப்பி குடிக்கும்போது கேட்டேவிட்டான்.

“ஒரே ஒரு பந்தயம் போதுமுங்கண்ணா. மாடும் என்னுது, தீனியும் என்னுது. நீங்க வந்து ஏறி உக்காந்தாப் போதும்.”

“இந்தத் தொப்பையோட ஏறுனா வண்டி பின்னால சாயுமப்பா.”

“வெளையாட்டுக்குச் சொல்லலீங்க.”

“என்ற பழைய நேரம் பலகையில இருந்துதல்ல? அதைப் பாத்து ஓட்டு.”

“பலகைகூட எப்புடீங்க போட்டி போடறது? ஆள் வேணுமல்ல?”

நஞ்சப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். முகத்தில் கோபமோ கிண்டலோ இல்லை, கம்பெனிக் கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

“நெசமாச் சொல்லட்டுமா? மொதல்ல எல்லாம் பந்தயத்துக்கு முந்தின ராத்திரி எனக்குத் தூக்கமே வராது. கடைசி ரெண்டு மூணு வருசம் நல்லாத் தூங்குனேன். செயிக்கப் போறேன்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் எதுக்கு வண்டி பூட்டோணும், சொல்லு? இப்ப ஆர்டர் போறப்ப தூக்கம் வர்றதில்ல. அது நல்லாத்தான் இருக்குது.”

அவர் அதைக் குத்திச் சொல்லவில்லை என்பதுதான் மயிலாளுக்கு எரிச்சலாக இருந்தது. குத்தியிருந்தால் திருப்பி இரண்டு கேட்டிருப்பாள்.

“திறப்புக்குக் கட்டாயம் வந்துருங்க, அம்மிணி. போயிட்டு வர்றேன்.” கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

ஆறுச்சாமி பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். இத்தனை வருசமும் அவருக்கு வேர்த்ததாக இவன் நினைத்துக்கொண்டிருந்த வேர்வையெல்லாம் வெறும் வெயிலுக்குத்தான் போலிருக்கிறது. மயிலாளுக்கு ஒரு நிமிசம் பாவமாகக்கூட இருந்தது. அந்த நிமிசம் பார்த்துக் கட்டுத்தரையில் நாலு காளையும் தீனிக்குக் கத்தின.

“இதா பாருங்க” என்றாள். “தைக்கு வண்டி பூட்டறதுன்னாப் பூட்டுங்க. உங்களுக்கே தூக்கம் வராத மாதிரி ஓட்டுங்க, எவன் என்ன சொன்னா என்ன? இல்லீனா நாலையும் வித்துப்போட்டு என்ற எருமையைக் கொண்டாங்க. ரெண்டுல ஒண்ணு இப்பவே சொல்லோணும். பூட்டறீங்களா, விக்கறீங்களா?”

அவன் பத்திரிகையை மாடத்தில் வைத்தான். சாக்கின் மேல் குனிந்து, அவள் காலையிலிருந்து தேய்த்துத் தங்கமாக்கி வைத்திருந்த பெரிய அண்டாவைத் தூக்கினான். மூலையிலிருந்த பருத்திக்கொட்டையை அதில் கொட்டினான்.

“கேக்கறனல்லங்க?”

அண்டாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கட்டுத்தரைப் பக்கக் கதவைக் காலால் தள்ளி, பழைய வேக நடையில் வெளியே போனான்.