பதினெட்டு வான்கோழிக் கூப்பன்

கோபாலசாமிக்கு நான் அறுநூற்று நாற்பது டாலர் கடன்பட்டிருந்தேன். 1993-ஆம் வருடத்துக் கிறிஸ்துமஸில் பட்ட கடன். இதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. வாங்கியவள் நான், அடைத்தவளும் நான்.

இன்றைக்கு மில்பிடாஸில் ராமாத்தாள் பலகாரக் கடை எது என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன். காங்கேயம் பக்கம் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எம்.எஸ். படித்தவர்கள் எல்லாம் என் கடை வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் கடை வருவதற்கு முன்னால் அந்தக் கடன் இருந்தது. அதை அடைத்த கதையைத்தான் எழுதப் போகிறேன்.

அப்போது நான் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஒப்பந்த வேலைக்காரி. பச்சை அட்டையில் சின்னச் சின்னப் பாகங்களை வைத்துப் பற்றவைக்க வேண்டும். மணிக்கு ஐந்தே முக்கால் டாலர். நான் பற்றவைத்த அட்டை ஒன்றுகூடப் பழுது என்று திரும்பி வந்தது கிடையாது. என் வீட்டுக்காரர் கருப்பசாமி சன்னிவேலில் ஒரு ஓட்டலில் சமையல். மகள் சண்முகப்ரியாவுக்கு ஒன்பது வயது. மாடி வீட்டில் கோபாலசாமியும் அவர் மனைவி அனந்தலக்ஷ்மியும். கோபாலசாமி பெரிய கம்பெனி என்ஜினீயர். சுத்த சைவக் குடும்பம்.

அந்த வருடம் டிசம்பரில் எங்கள் சூப்பர்வைசரம்மா ஒரு தொப்பிக்குள் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொன்னாள். யார் பெயர் வருகிறதோ அவருக்கு மட்டும் பத்து டாலருக்குள் ஒரு பரிசு வாங்க வேண்டும். எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரி லான் பெயர் வந்தது. வியட்நாம்காரி, என் வயதுதான். அவளுடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் ஒரே தரம். அதனால் நாங்கள் பேசினால் எங்களுக்கு நன்றாகப் புரியும்.

விதி எனக்கு விளங்காமல் இல்லை. மனசுக்குத்தான் ஒப்பவில்லை. ஒரே வரிசையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் என்னைத் தவிரப் பதினெட்டுப் பேர். ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு மற்ற பதினேழு பேர் முகத்தில் எப்படி விழிப்பது? தீபாவளிக்கு ஒரு வீட்டுக்குப் பலகாரம் கொடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டைத் தாண்டிப் போக முடியுமா? பதினெட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு கம்பளிச் சால்வை, ஒரு சாக்லேட் பெட்டி. தலைக்கு முப்பது டாலர். ஐந்நூற்று நாற்பது ஆயிற்று. பிள்ளைக்குப் பொம்மை வீடு, விளக்குச் சரம் என்று இன்னொரு நூறு. எங்களிடம் கிரெடிட் கார்டு கிடையாது. கோபாலசாமிதான் கடைக்குக் கூடவே வந்து தம் கார்டைத் தேய்த்தார்.

பரிசைப் பிரித்தபோது பதினெட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யார் கையிலும் எனக்குக் கொடுக்க ஒன்றுமில்லை, சீட்டில் என் பெயர் வந்த ஒரு பையனைத் தவிர. அவன் ஒரு காபிக் கோப்பை கொடுத்தான். நான் அன்று மகாராணி மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

பிறகுதான் கடன். பிப்ரவரியிலிருந்து நவம்பர் வரை மாதம் நாற்பது டாலர் கொடுத்தேன். வட்டியைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. நானாகவே மாதம் ஒரு டப்பா தட்டுவடை கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்து மாதத்தில் நானூறு அடைந்தது. பாக்கி இருநூற்று நாற்பது.

நவம்பர் கடைசியில் கோபாலசாமி கீழே இறங்கி வந்தார். டெக்ஸாஸில், சுகர் லேண்டில் வேறு வேலை கிடைத்திருக்கிறது, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் லாரி வருகிறது என்றார்.

"அக்கா, அந்தப் பாக்கியை விட்டுடுங்க. ஒரு வருஷமா தட்டுவடை சாப்பிட்டிருக்கோம், கணக்கு சரியாப் போச்சு."

"அதெப்படிங்க தம்பி? தட்டுவடை வேற, காசு வேற."

பின்னால் நின்ற அனந்தலக்ஷ்மி சிரித்தபடி, "அவங்க எதுக்குக் கஷ்டப்படணும்? கடன் வாங்கி கிறிஸ்துமஸ் பண்ணினவங்க, பாவம், திரும்ப எங்கேருந்து குடுப்பாங்க?" என்றாள்.

பாவம் என்றாள். அந்தச் சொல் எனக்குச் சூடு வைத்த மாதிரி இருந்தது. அவர்கள் லாரி ஏறுவதற்கு முன்னால் இருநூற்று நாற்பதையும் எண்ணிக் கொடுக்காவிட்டால் ஆயுசுக்கும் நான் அந்தக் குடும்பத்துக்குப் பாவப்பட்டவள்தான். அரிசி மாவு டப்பாவுக்குள் நூற்றைம்பது டாலர் இருந்தது. ஓவர்டைம் செய்தால் மிச்சம் சேர்ந்துவிடும். சேர்ந்தும்விட்டது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் லான் என் காதில் வந்து சொன்னாள்:

"ராமா, திஸ் இயர் எவ்ரிபடி பை ஃபார் யூ. எய்ட்டீன் பீப்பிள். லாஸ்ட் இயர் வெரி ஷேம்."

போன வருடம் நான் வைத்த வரிசைக்கு இந்த வருடம் பதினெட்டுப் பேரும் திருப்பிச் செய்யப் போகிறார்கள். நான் வெறுங்கையோடு போய் நின்று பதினெட்டுப் பரிசை வாங்கிக்கொள்வதா? தலைக்குப் பதின்மூன்று டாலர் என்றாலும் டப்பாவுக்குள் இருப்பது மொத்தமும் போய்விடும்.

புதிதாகத் திறந்திருந்த பெரிய மாலுக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றினோம். தள்ளுபடியில் போட்ட மெழுகுவர்த்திகூட ஒன்பது டாலர்.

"அந்தக் காசை எடுத்து வாங்கிப் போடு ராமாத்தா," என்றார் வீட்டுக்காரர். "தம்பிதான் வேண்டாங்கறாருல்ல. உனக்கு எதுக்கு இத்தனை ரோசம்?"

"ரோசம் இல்லாமயா உங்ககூட இத்தனை வருசம் குப்பை கொட்டறேன்?"

"அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டு மனிதர் உணவுக்கூடத்தின் பக்கம் நடந்தார்.

மறுநாள் டிசம்பர் மாதத் தட்டுவடையைக் கொடுக்க மாடிக்குப் போனேன். மகள் பிரியாவும் கூட வந்தாள். அடுப்படி மேடையில் ஒரு வழவழப்பான தாள். அதன் பின்பக்கத்தில் அனந்தலக்ஷ்மி பால்காரன் கணக்கு மாதிரி ஏதோ கூட்டிக் கழித்திருந்தாள். பிரியா அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, இட்ஸ் எ கூப்பன். ஃப்ரீ டர்க்கி!"

"ஐயோ, அதைத் தொடாதே கண்ணா," என்றாள் அனந்தலக்ஷ்மி. "இவர் கம்பெனில வருஷா வருஷம் எல்லாருக்கும் குடுக்கறாங்க. கடையில குடுத்தா அந்தப் பறவையைத் தருவானாம். நமக்கு எதுக்கு? குப்பைக்குத்தான் போறது. எங்க ஃபிரெண்ட்ஸ் வீட்டுலேயும் அப்படித்தான்."

எனக்கு அப்போது மூளையில் மணி அடித்தது. வான்கோழி தொடாதவர்களுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி கூப்பன் கொடுக்கிறது. தொடுகிற நாங்கள் பத்தொன்பது பேர் ஒப்பந்தக்காரர்கள், எங்களுக்கு ஒரு கோழி முட்டைகூடக் கிடையாது.

"அனந்தலக்ஷ்மி, அந்தக் கூப்பனை எனக்குக் கொடேன். என்கூட வேலை செய்யறவங்களுக்குப் பரிசாக் குடுக்கறேன்."

அவள் முகம் சுருங்கியது. "வேண்டாம் அக்கா. எங்க வீட்டுலேருந்து மாமிசம் போச்சுன்னு எதுக்கு?" என்று தாளை மடித்து இழுப்பறைக்குள் போட்டுவிட்டாள்.

இவள் இல்லாவிட்டால் ஊரில் வேறு சைவம் இல்லையா? அரிசி மாவு, பொட்டுக்கடலை, எண்ணெய் எல்லாம் சேர்த்து இருபத்தொரு டாலர் செலவழித்தேன். வீட்டுக்காரரை எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிறுத்தினேன். ஒரு கூப்பனுக்கு ஒரு பவுண்டு தட்டுவடை. இதுதான் வியாபாரம். என் முதல் வியாபாரமும் இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை லிவர்மோர் கோயிலுக்குப் போனோம். சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்து கார்கள் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டேன். முதலில் வந்தவர் பிச்சுமணி என்ற பெரியவர். மகனுக்கும் மருமகளுக்கும் வெவ்வேறு கம்பெனி. இரண்டு கூப்பன் தேறும்.

"ஏம்மா, கோயில்ல நின்னுண்டு கோழி கேக்கறியே!"

"கோயிலுக்குள்ள கேக்கலைங்க மாமா. பார்க்கிங்லதான் கேக்கறேன். தட்டுவடை ஒண்ணு வாயில போட்டுப் பாருங்க."

போட்டார். கடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"பூண்டு போட்டிருக்கியோ?"

"உங்களுக்குன்னு பூண்டு போடாம தனியாச் சுட்டதுங்க."

"ரெண்டு கூப்பனுக்கு மூணு பவுண்டு தருவியா?"

"மகன்கிட்ட சொல்லி அவரு ஆபீஸ்லயும் கேட்டுச் சொன்னா நாலு தர்றேங்க."

மகன் ஆபீஸிலிருந்து ஐந்து வந்தது. கூப்பனின் அடியில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. பிரியா வாசித்துச் சொன்னாள்: ஒரு குடும்பத்துக்கு ஒன்றுதான், வருடக் கடைசி வரை செல்லும். நல்லதாகப் போயிற்று. பதினெட்டு வான்கோழியை வாங்கி நான் எங்கே வைப்பது? கூப்பனையே உறையில் போட்டுக் கொடுத்துவிட்டால் அவரவர் கடையில் அவரவர் வாங்கிக்கொள்வார்கள்.

டிசம்பர் இருபத்தொன்று, புதன்கிழமை சாயங்காலம் எண்ணினேன். பதினேழு. மறுநாள் கம்பெனியில் விருந்து. இந்தப் பக்கம் தெரிந்த எல்லாச் சைவ வீட்டுக்கும் போன் செய்தாயிற்று. பதினேழு பேருக்குக் கொடுத்து ஒருத்தியை விடுவதா? எதைத் தவிர்க்கப் போன வருடம் கடன்பட்டேனோ அதே இடத்தில் வந்து நின்றேன். டப்பாவைத் திறந்தேன். இருநூற்று நாற்பதைத் தொட மனசு வரவில்லை. மூடினேன்.

கதவு தட்டினார்கள். அனந்தலக்ஷ்மி நின்றாள்.

"பிச்சுமணி மாமா போன் பண்ணினார். நீங்க என்னமோ ஊரையே வளைச்சிருக்கீங்களாமே. எத்தனை குறையுது?"

"ஒண்ணு."

அவள் தாளை நீட்டினாள். பின்பக்கம் அவள் போட்ட கணக்கு அப்படியே இருந்தது.

"நான் ஒண்ணும் கறி குடுக்கலை அக்கா. காகிதம்தான் குடுக்கறேன். கேட்டுக்கோங்க."

"காகிதம்தான் சாமி. பகவானே வந்து கேட்டாலும் காகிதம்னுதான் சொல்லுவேன்."

"எனக்குத் தட்டுவடை?"

உள்ளே போய் இரண்டு பவுண்டு எடுத்து வந்தேன். "ஒண்ணுதானே ரேட்டு?" என்றாள். "மாடி வீட்டுக்குத் தனி ரேட்டு," என்றேன்.

மறுநாள் விருந்தில் பதினெட்டு உறை, பதினெட்டுத் தட்டுவடைப் பொட்டலம். லான் உறையைப் பிரித்ததும் எழுந்து நின்றுவிட்டாள். அவள் வீட்டில் ஏழு பேர். "ராமா! பிக் சிக்கன்!" என்று கத்தினாள். போன வருடம் சால்வை வாங்கியபோது யாரும் இப்படிக் கத்தவில்லை. சூப்பர்வைசரம்மா கூப்பனை விட்டுவிட்டுத் தட்டுவடைக்கு விலை கேட்டாள். அதற்கு ஒரு விலை சொன்னேன். அங்கே பிறந்ததுதான் என் கடை.

எனக்கு வந்த பதினெட்டில் லான் கொடுத்தது ஒரு பெரிய பை. உள்ளே அவள் மகளுக்குச் சின்னதாகிப்போன சக்கரம் வைத்த ஷூ, சக்கரத்தைக்கூடக் கழுவித் துடைத்திருந்தாள். வீட்டில் பிரியா அதை மாட்டிக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றாள். "அம்மா, ஹவ் மச் வாஸ் இட்?" என்றாள். ஒரு பவுண்டு தட்டுவடை என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

சனிக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் குளித்துவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு மாடிக்குப் போனேன். வீடெல்லாம் அட்டைப் பெட்டி. கோபாலசாமி நாடாவை ஒட்டிக்கொண்டிருந்தார். என் கையில் பணத்தைப் பார்த்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அக்கா, அன்னிக்கே சொன்னேனே. விடுங்க."

"தம்பி, விட்டுட்டா நான் எப்படி உங்களுக்கு டெக்ஸாஸுக்குப் போன் பண்ணிப் பேசறது? ஒவ்வொரு தடவையும் நாக்கு ஒட்டிக்கும்."

அவர் மனைவியைப் பார்த்தார். அனந்தலக்ஷ்மி பெட்டியை நகர்த்திவிட்டு எழுந்து வந்தாள்.

"நீங்க சும்மா இருங்க. அவங்க குடுக்கறாங்க, நான் வாங்கிக்கறேன்." வலது கையைத் தலைப்பில் துடைத்துவிட்டு விரித்து நீட்டினாள். "எண்ணிப் போடுங்க அக்கா. ஒரு டாலர் குறைஞ்சாலும் விட மாட்டேன்."

இந்தத் தடவை அவள் குரலில் பாவம் இல்லை. கடைக்காரி கடைக்காரியிடம் பேசுகிற குரல்.

எங்கள் ஊரில் நெல் அளந்தாலும் காசு எண்ணினாலும் ஒன்று என்று தொடங்க மாட்டோம். முதல் இருபது டாலரை அவள் கையில் வைத்து, "லாபம்," என்றேன். பிறகு ரெண்டு, மூணு, நாலு. பதினொன்று வரை இருபதாகவே வந்தது. பன்னிரண்டாவது இருபது, ஓவர்டைமில் சேர்ந்த ஐந்தும் ஒன்றுமான சில்லறை நோட்டுகள், மாவு வாசனையோடு. அவள் விரலை மடக்கவில்லை. ஐந்து, பத்து, பதினைந்து என்று வைத்து, பிறகு ஒவ்வொன்றாகப் பதினாறு, பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது என்று எண்ணி, கடைசி ஒரு டாலரை நீவிச் சுருக்கம் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.