ஒரு தையல் மெஷினுக்கு இரண்டு வக்கீல்

சூலியா தெருவில் தொப்பி தைத்து விற்ற ஷேக் அலாவுதீன் 1931-இல் தன் மனைவி நூர் பீவியைத் தலாக் சொல்லி விலக்கினார். ஒன்பது வருஷக் குடித்தனம் சுலபமாக முடிந்தது. வீட்டிலிருந்த ஒரே தையல் மெஷின் யாருக்கு என்பதுதான் முடியவில்லை.

நிக்காஹில் அவர் தனக்குக் கொடுத்த மஹர் பணத்தில் வாங்கியது என்றாள் நூர் பீவி. தன் உழைப்பில் வாங்கியது என்றார் அவர். இருவரும் ஆளுக்கொரு வக்கீலைப் பிடித்தார்கள். நூர் பீவியின் வக்கீல் தங்கமானவர். அவளை உட்காரச் சொன்னதற்கும் சேர்த்தே பீஸ் வாங்கினார். வழக்கு முடியும்வரை மெஷினை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவாயிற்று. இது நமக்கு வெற்றி என்று இரண்டு வக்கீல்களுமே சொன்னார்கள்.

நோன்புப் பெருநாளுக்கு ஊரே புதுத் தொப்பி போட்டது, வேறு கடைகளில் வாங்கி. நூர் பீவியின் வளையல்கள் ஒவ்வொன்றாக அடகுக்குப் போயின. அந்தப் பணத்துக்கு இரண்டு மெஷின் வாங்கலாம் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே! நியாயத்துக்குப் பசிக்காது. மகள் நூர்ஜானுக்குப் பசித்தது. அவள் அத்தை ருக்கையா வீட்டில் போய்ச் சாப்பிட்டாள்.

ருக்கையா அலாவுதீனின் அக்காள். ஒரு வெள்ளிக்கிழமை இருவரையும் கூப்பிட்டனுப்பினாள். தம்பி பக்கம்தானே பேசுவாள் என்று நினைத்தபடியே போனாள் நூர் பீவி. நடுவில் திரை கட்டியிருந்தது. ஒருவர் யோக்கியதையை மற்றவர் விவரித்து முடிக்கும்வரை ருக்கையா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பிறகு, மெஷின் எதற்கு வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

"அது இல்லாம புள்ளைக்கு எப்படிச் செலவு கொடுப்பேன் லாத்தா?" என்றார் அலாவுதீன்.

"அவங்க கொடுக்கமாட்டாங்கன்னுதான் மைனி நான் கேக்குறேன்," என்றாள் நூர் பீவி.

"ரெண்டு பேரும் புள்ளைக்காகத்தான் சண்டை போடுறீங்க. அந்தப் புள்ள நாலு மாசமா என் வீட்டுச் சோறுதான் திங்குதுலா."

நூர் பீவிக்கு முகம் சுட்டது. 

அன்று சாயங்காலத்துக்குள் பேசி முடித்தார்கள். மெஷின் அவளிடம் இருக்கும்; துணி எடுப்பதும் விற்பதும் அவர் வேலை; தையல் கூலியும் பிள்ளைச் செலவும் வாராவாரம் ருக்கையா கையில் வரவேண்டும். வழக்கை வாபஸ் வாங்கினார்கள். அவசரப்பட்டுவிட்டீர்களே என்று நூர் பீவியின் வக்கீல் வருத்தப்பட்டார். அந்த வருத்தத்துக்கும் பில் வந்தது.

நூர் பீவி அவரோடு மறுபடி சேரவுமில்லை, பேசவுமில்லை. தொப்பிக்கு அவர் எடுத்த வெல்வெட் மட்டமாக வந்தால் மைனியிடம் ஒரு வார்த்தை சொல்வாள். மீதியைத் தம்பியிடம் ருக்கையா பார்த்துக்கொள்வாள், இலவசமாக.