நீதிபதியின் வாரிசுக்கு நான் கொடுத்த தண்டனை

டென்மார்க்கின் ஸ்கீவ நகரில் நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் டேனிஷ் கிழவர் ஒருவர் தன் வம்சத்தைத் தேடிக்கொண்டிருந்தார். எழுநூறு வருடங்களுக்கு முந்திய ஆங்கிலேய நீதிபதி ஒருவர் தன் முன்னோர் என்று கண்டுபிடித்த அன்று, அந்தத் தாளை ஆசையோடு எனக்குக் காட்டினார்.

போர் நடந்துகொண்டிருந்த மன்னாரிலிருந்து என் மனைவியையும் மகளையும் இங்கே அழைக்க நான் விண்ணப்பித்து இரண்டு வருடமாகியும் பதில் வரவில்லை.

"எப்போதோ செத்த நீதிபதியைத் தேடுகிறீர்கள். உயிரோடிருக்கிற என் பிள்ளையை உங்கள் நாட்டில் யாரும் தேடவில்லை" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. மகளின் பெயரைக் கேட்டார். குடிவரவு அமைச்சுக்கு மாதாமாதம் கடிதம் எழுதினார்.

ஒருநாள் என் அறைத்தோழர் வேலையிடத்துக்கே வந்தார்.

"தம்பி, ஊரிலயிருந்து ஃபோன் வந்தது. வீட்டில ஷெல் விழுந்திட்டுதாம்."

"பிள்ளை?"

"ரெண்டு பேரும்தான்."

மூன்று வாரம் கழித்து அனுமதிக் கடிதம் வந்தது. அதைக் கிழவரின் கையில் கொடுத்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"எப்போது வருகிறார்கள்?"

அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துதான் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு வலிக்க வேண்டும் என்று விரும்பினேன், வலித்தது.

எங்களைக் காக்கவைத்தவர்களின் முகம் எனக்குத் தெரியாது. எனக்காக எழுதிய மனிதரைத்தான் நான் தண்டித்தேன்.