டின்னுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம்

இப்ப நெனச்சாலும் எனக்கு வயிறு எரியுது.

போர்ட் கிள்ளான்ல ஒரு நண்டுக் குஞ்சுப் பண்ணையில வேலை பாக்குறேன். வீடு பிரிக்பீல்ட்ஸ்ல, தினமும் அங்கேர்ந்து ரயில்ல வந்துபோறது. பொரிச்ச புதுசுல குஞ்சு வெறும் தூசி மாதிரி இருக்கும். அதுக்குப் போடுற தூள் தீனி வெளிநாட்டுலேர்ந்து டின்னுல வருது. சின்னப் பண்ணைக்காரங்க அந்த டின்னை வாங்கியே நொடிஞ்சு போறாங்க. அதான் நானே செய்யக் கிளம்பினேன். மீன் பாசார்ல கழிச்சுப் போடுற சோத்தோங், அதான் கணவாய், அதோட தலை, சோயா மாவு, முட்டை மஞ்சக்கரு, தண்ணியில கரையாம இருக்க அகார் அகார் கடல்பாசி. எல்லாத்தையும் காய வெச்சு, அரைச்சு, துணியில சலிக்கணும். என் கை மாசக்கணக்கா நாறுச்சு. ரயில்ல என் பக்கத்து சீட்டு எப்பவும் காலி.

என் தீனியைப் போட்டுப் பாக்க பாஸ் ஒரு தொட்டிக் குஞ்சு குடுத்தாரு. குஞ்சுங்களுக்குக் கொடுக்கு முளைக்கணும், இல்லன்னா இந்தத் தீனிப் பேச்சையே விட்டுடணும்னாரு.

நல்லாத்தான் வளந்துச்சு. ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. திங்கக்கிழமை வந்து பாத்தா தண்ணி கஞ்சி மாதிரி கலங்கிக் கெடக்கு, எல்லாம் செத்துப் போச்சு.

"லோக்கல் தீனி இவ்ளோதான் லா"ன்னாரு பாஸ்.

எனக்கு வந்துச்சே கோவம். அதே பண்ணையில டின் தீனி தின்னு எத்தனை தொட்டி செத்திருக்கு. அப்பல்லாம் தண்ணி சரியில்ல, வெயில் சரியில்ல, தாய் நண்டு சரியில்ல. டின்னை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. நான் செஞ்சது ஒரே ஒரு தடவை சறுக்கினா, தீனி சரியில்லையாம்.

ஞாயித்துக்கிழமை தீனி போடுறது தொட்டி கழுவுற அக்கா. அவங்களைக் கேட்டேன்.

"எத்தனை கரண்டி போட்டீங்கக்கா?"

"கரண்டி என்ன கரண்டி, கையாலதான் அள்ளிப் போட்டேன். பாவம், நல்லாத் தின்னட்டும்னுதான்."

"டின் தீனியையும் அள்ளித்தான் போடுவீங்களா?"

"அதெப்படிம்மா? அது டின்னு. கரண்டியில தலைதட்டி அளந்து போடுவேன். இது நாமளே செஞ்சதுதானே."

மிஞ்சின தூள் அடியில தங்கி அழுகித் தண்ணியைக் கெடுத்திருக்கு. என் தீனி கொல்லல. நாமளே செஞ்சதுன்னு ஒரு இளக்காரம், அது கொன்னுருக்கு. அக்காவைத் திட்ட வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். பாஸே மதிக்காததை அவங்க மட்டும் எதுக்கு மதிக்கணும்?

பாஸ்கிட்ட மல்லுக்கு நின்னு இன்னொரு தொட்டி வாங்கினேன். இதான் கடைசின்னாரு. குப்பையில கெடந்த காலி டின் ஒண்ணை எடுத்துக் கழுவினேன், என் தூளை அதுல கொட்டினேன், இனிமே தினமும் நீங்களே போடுங்கக்கான்னு கரண்டியோட அக்கா கையில குடுத்தேன். உள்ள இருக்குறது என்னோடதுன்னு சொல்லிக்கல.

அக்கா தினமும் தலைதட்டி அளந்து போட்டாங்க. குஞ்சுங்களுக்குக் கொடுக்கு முளைச்சுது. பாஸ் தொட்டியை எட்டிப் பாத்தாரு, பக்கத்துல இருந்த டின்னைப் பாத்தாரு. நான் தோத்துப்போய் டின் தீனிக்கே மாறிட்டேன்னு முடிவு பண்ணிட்டாரு.

"பாத்தியா? டின்னு டின்னுதான் லா."

மூடியைத் தொறந்து அவரு மூக்குக்கு நேரா நீட்டினேன். சோத்தோங் வாடை குப்புன்னு அடிச்சுது. "இது நான் செஞ்சது பாஸ்"ன்னேன்.

அவரு டின்னைக் கையில வாங்கித் திருப்பி, லேபிளை இன்னொரு தடவை படிச்சுப் பாத்தாரு.