கொலுவில் வந்து நின்ற கேப்சூல்கள்

எங்கள் வீட்டுக் காபி மெஷினில் எனக்கு மிகவும் பிடித்தது, காபி போட்டு முடித்த பிறகு அது செய்யும் காரியம். மேலே இருக்கும் கைப்பிடியைத் தூக்கினால் ஒரு வாய் திறக்கும். அதில் கேப்சூலைப் போட்டுக் கைப்பிடியை அழுத்தினால் உள்ளே இருக்கும் ஊசிகள் அதைக் குத்தும். சூடான தண்ணீர் ஒரு பக்கம் போய் மறுபக்கம் காபியாக இறங்கும். மறுபடி கைப்பிடியைத் தூக்கும்போது, பிடித்துக்கொண்டிருந்த இரண்டு தாடைகளும் விலகி, தீர்ந்துபோன கேப்சூல் பின்னால் இருக்கும் பெட்டிக்குள் 'டொக்' என்று விழும். கையால் தொட வேண்டாம், கண்ணால் பார்க்கவும் வேண்டாம். நாப்பியும் பால் கக்கிய துணியுமாகக் கிடந்த அந்த மாதங்களில், வீட்டில் தன் அழுக்கைத் தானே ஒதுக்கி வைத்துக்கொண்ட ஒரே பொருள் அதுதான்.

குழந்தை பிறந்த பிறகு என் கணவர் அதை வாங்கி வந்தார். நாங்கள் மயிலாப்பூரில் ஒரு பழைய அடுக்கு வீட்டில் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். கீழ் வீட்டில் மாமியார் இருக்கிறார். பார்க்க மேலே வந்தவர் மெஷினை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "டிகாக்ஷன் இறங்கற வரைக்கும் பொறுமை இல்லாதவாளுக்கு இதுதான் சரி" என்றார். பிறகு அதில் போட்ட காபியைக் குடித்துவிட்டு, "மருந்து மாதிரி இருக்கு. இன்னும் கொஞ்சம் குடு" என்றார்.

குழந்தை அப்போது தூங்கவே இல்லை. சாயங்காலம் அழ ஆரம்பித்தால் அடங்க நேரமாகும். நான் எம்.எஸ்ஸி. படித்தவள், கல்லூரியில் பாடம் நடத்தியவள். ஒன்று நடந்தால் அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று தேடுவது என் பழக்கம். நான் சாப்பிட்ட வாழைக்காயா, ஃபேன் காற்றா, தூளியா தொட்டிலா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். கடைசியில் காபியில் வந்து நின்றேன். குழந்தைகள் டாக்டர், "ஒரு நாளைக்கு ஒரு கப், ரெண்டு கப் பரவால்லம்மா" என்றுதான் சொன்னார். ஆனால் போனில் ஒரு கட்டுரை கூடாது என்றது, இன்னொரு கட்டுரை குழந்தையைப் பொறுத்தது என்றது. அந்த 'பொறுத்தது' என்ற சொல் என்னை விடவில்லை. காபியை அடியோடு விட்டேன். தலைவலி பிளந்தது. அப்போதுதான் கணவர் காஃபீன் நீக்கிய கேப்சூல் ஒரு பெட்டி வாங்கி வந்தார். சாதாரணக் கேப்சூல் செம்பு நிறம். இது பச்சை.

"உனக்குப் பச்சை, எனக்குச் செம்பு. காலைல நான் போட்டுக் கொண்டு வரேன், நீ எழுந்துக்க வேண்டாம்" என்றார். பெட்டியைக் காலி செய்வதும் தன் வேலை என்று எடுத்துக்கொண்டார். காலிக் கேப்சூல்களைக் கீழே தன் அம்மாவிடம் கொடுத்துவிடுவார். பளபளப்பாக இருக்கும் எதையும் மாமியார் எறிய விடமாட்டார். உள்ளே இருக்கும் காபிச் சக்கை கருவேப்பிலைத் தொட்டிக்கு, கூடு கொலுவுக்கு.

தினமும் காலையில் படுக்கையறையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அந்த 'டொக்' சத்தத்தைக் கேட்பேன். பிறகு டபரா டம்ளருடன் அவர் வருவார். இப்படி ஒருவர் யாருக்குக் கிடைப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். குழந்தை தூங்க ஆரம்பித்தாள். சாயங்கால அழுகை குறைந்தது, பிறகு நின்றேவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கணவரிடம் சொன்னேன், மாமியாரிடம் சொன்னேன். சைதாப்பேட்டையில் இருக்கும் என் அம்மாவுக்குப் போன் செய்து, "காபிதான்மா. டாக்டர்கூட சொல்லல, நானா பார்த்துக் கண்டுபிடிச்சேன்" என்றேன். அம்மா 'அப்படியா' என்று இழுத்துவிட்டு, "நல்லதாப் போச்சுடி" என்றாள். பிரசவ வார்டிலிருந்து அன்று வரை குழந்தை விஷயத்தில் நான் செய்ததெல்லாம் யாரோ சொல்லிக் கொடுத்துச் செய்தது. முதல் தடவையாக என் குழந்தையை நானே பார்த்து ஒன்றைத் தெரிந்துகொண்டிருந்தேன். அதன் பிறகுதான் அவள் உடம்பைத் தொட்டாலே அவளுக்கு என்ன என்று எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கை வந்தது.

அந்த வருஷக் கொலுவில் மாமியார் தெப்பக்குளம் வைத்தார். குளத்தைச் சுற்றிக் கடைகள், பூங்கா, தேர். குழந்தையை வைத்துக்கொண்டு நீ தூசியில் நிற்க வேண்டாம் என்று என்னை ஒன்றும் செய்ய விடவில்லை. முதல் நாள் சாயங்காலம் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, குழந்தைக்குப் பாவாடை சுற்றி, வெற்றிலை பாக்கு கொடுக்கக் கீழே போனேன்.

எதிர் வீட்டு மாமி ஏற்கெனவே உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குளக்கரையில் இருந்த பாத்திரக் கடையைக் காட்டி, "இது என்ன, செப்புக் கொடமா? எவ்வளவு அழகா இருக்கு" என்றார். கடை முழுக்கச் செம்புக் குடங்கள், அடுக்கடுக்காக. ஒவ்வொன்றும் ஒரு கேப்சூல். கிழிந்த பக்கம் தெரியாமல் கவிழ்த்து, கழுத்தில் ஜரிகை நூல் சுற்றியிருந்தார் மாமியார்.

"எல்லாம் காபி மெஷின்ல வந்ததுதான்."

"இத்தனையா? உங்க பிள்ளை ரத்தமே காபியா ஓடறதா?"

"அவன் மட்டுமா. இவளும் சேர்ந்துதான். இவ குழந்தைக்கு ஆகாதுன்னு ஏதோ சத்து எடுத்த காபி குடிக்கறா. காபில சத்தை எடுத்துட்டா அப்புறம் அது என்ன காபி, சொல்லுங்கோ" என்று மாமியார் சிரித்தார். எதிர் வீட்டு மாமியும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"பச்சை இன்னும் கொஞ்சம் கிடைச்சிருந்தா பார்க் நன்னா வந்திருக்கும். பாரேன், இந்த ஓரத்துக்கு மட்டுந்தான் செடி வெக்க முடிஞ்சுது. இவன்கிட்ட கேட்டேன். பச்சை ஆடி மாசத்தோட நின்னுடுத்தும்மா, இப்போ கடையிலயே வரதில்லைன்னான்."

நான் பூங்காவைப் பார்த்தேன். வேலி ஓரமாக ஒரே ஒரு வரிசை பச்சைச் செடி. ஒரு பெட்டிக் கேப்சூல் அவ்வளவுதான் வரும். மீதி இடத்துக்கு மாமியார் முளைப்பயிர் வைத்திருந்தார். குளத்தின் மறுகரையில் செம்புக் குடங்கள் விளக்கு வெளிச்சத்தில் மின்னின. அவற்றில் பாதி என் வயிற்றுக்குள் போய், என் பாலில் கலந்து, மடியில் இருந்த இவளுக்குள் போயிருந்தது.

மாமியாருக்குப் பச்சை என்றால் என்ன, செம்பு என்றால் என்ன என்று தெரியாது. அவர் அடுத்து வந்தவர்களுக்குக் குங்குமம் எடுக்கப் போனார். நான் வெற்றிலை பாக்குத் தட்டை யாரிடம் நீட்டினேன் என்று எனக்கு நினைவில்லை.

மாடி ஏறி வந்ததும் கணவரிடம் கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை, அதற்கு முயற்சிகூடச் செய்யவில்லை.

"பெட்டி தீர்ந்துடுத்து. அடையாறு வரைக்கும் போய்ப் பார்த்தேன், எங்கயும் இல்லை. ரெண்டு நாள் சாதாரணது போடலாம், அதுக்குள்ள வந்துடும்னு நினைச்சேன். அந்த வாரம்தான் இவ தூங்க ஆரம்பிச்சா. நீ எவ்வளவு சந்தோஷமா வந்து சொன்ன, ஞாபகம் இருக்கா? அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

"ஒரு தடவைகூடச் சொல்லத் தோணலையா?"

"தோணித்து. அப்புறம் யோசிச்சேன், குழந்தை நன்னா இருக்கா, நீ நன்னா இருக்கே. யாருக்கு என்ன நஷ்டம்? டாக்டரும் குடிக்கலாம்னுதானே சொன்னார்." பிறகு, என்னைத் தேற்றுகிற குரலில், "உங்கம்மாகூட அதைத்தான் சொன்னா" என்றார்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். பின்னால் தொலைக்காட்சி சத்தம் கேட்டது, பிறகு குறைந்தது.

"மாப்பிள்ளை அப்பவே போன் பண்ணிக் கேட்டார்டி, சொல்லட்டுமா வேண்டாமான்னு. நான்தான் வேண்டாம்னேன். பச்ச உடம்புக்காரி, கவலைப்பட்டா பாலே நின்னு போயிடும். எல்லாம் மனசுலதான் இருக்குன்னு அவர் சொன்னது சரியாத்தானே இருந்தது? குழந்தை தூங்கித்தா இல்லையா?"

தூங்கினாள். அவர்கள் சொன்னது சரிதான். என்னால் தாங்க முடியாமல் போனது அதைத்தான். அவர்கள் தவறாக இருந்திருந்தால் நான் கத்தியிருக்கலாம். கோபப்படக்கூட எனக்குக் காரணம் மிச்சம் வைக்காமல் ஏமாற்றியிருந்தார்கள். நான் கோபப்படுவது நியாயமா என்று அன்று இரவு முழுவதும் எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருந்தேன். ஆசையாகக் காபி போட்டுக் கொடுத்தவர்மேல் என்ன குற்றம் சொல்வது?

ஆனால் பழைய விஷயங்கள் ஒவ்வொன்றாக வேறு முகம் காட்டின. குழந்தை மூச்சு விடும்போது கரகரக்கிறது என்று நான் சொன்ன அன்று கணவரும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தடுப்பூசி போட்ட தொடை கல்லாக இருக்கிறது என்றபோது அவர் என் தலையைத் தடவி, "சரி சரி, பார்க்கலாம்" என்றார். அன்பு என்று நினைத்தேன். அவர்கள் கையில் ஒரு பரிசோதனையின் முடிவு இருந்தது. அதில் நான் தோற்றிருந்தேன், எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் குழந்தைக்கு லேசாக ஜலதோஷம். பால் கொடுக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். வலது காது என் கையில் அழுந்தும்படி வைத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டு விட்டுவிடுகிறாள், முகத்தைச் சுளித்து அழுகிறாள். மறுபக்கம் மாற்றினால் குடிக்கிறாள். தோளில் போட்டாலும் அப்படித்தான். முன்பென்றால் அடுத்த நிமிஷமே சொல்லியிருப்பேன். இப்போது வாய் வரை வந்தது நின்றது. இதுவும் அந்தப் பச்சைக் காபி மாதிரிதானே என்று தோன்றியது. ஒன்றைப் பார்த்து அதை வேறொன்றோடு நானாக முடிச்சுப் போடுகிறேன். என் கண்ணுக்குத் தெரிந்தது எல்லாம் என் மனசுலதான்.

சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. குழந்தையின் இடது காது கீழே வரும்படியே வைத்துப் பால் கொடுத்தேன். கீழே கொலுவுக்கு வந்தவர்கள் பாடினார்கள்.

அதற்கு அடுத்த நாள் மதியம் உடம்பு கொதித்தது. மாமியார் உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றினார். "வந்தவா அத்தனை பேரும் தூக்கிக் கொஞ்சினா. கண்ணு படாம என்ன பண்ணும்?" கணவர் ஆபீஸிலிருந்து ஓடி வந்தார். மாட வீதியில் பொம்மைக் கடைகளைத் தாண்டிக் கார் நகராது என்பதால் சந்து வழியாக ஆட்டோவில் போனோம்.

டாக்டர் சின்ன விளக்கைக் குழந்தையின் காதில் வைத்துப் பார்த்தார். அவள் அலறினாள். "வலது காது உள்ளே நல்லா சிவந்திருக்கும்மா. இன்ஃபெக்ஷன். பால் குடிக்கறப்போ அழுதாளா?"

"அழுதா. அந்தப் பக்கம் வெச்சா மட்டும்."

"எப்போலேர்ந்து?"

"கொலு ரெண்டாம் நாள்லேர்ந்து."

என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். டாக்டர் எழுதிக்கொண்டே, "கவலைப்படாதீங்க, சரியாயிடும். அடுத்த தடவை அப்பவே கொண்டு வாங்க, குழந்தைக்கு வலி மிச்சம்" என்றார். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

வெளியே மருந்துக் கடை வாசலில் நிற்கும்போது கணவர் கேட்டார். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பேளா?"

அவர் மருந்துச் சீட்டைக் கடைக்காரரிடம் நீட்டினார். 'நிச்சயமா' என்று சொல்லியிருந்தால் நான் அங்கேயே அழுதிருப்பேன். "தெரியல" என்றார்.

"நானே நம்பல" என்றேன்.

கடைக்காரர் சொட்டு மருந்தையும் சிரப்பையும் கவரில் போட்டுக் கொடுத்தார். ஆட்டோவில் ஏறியதும் கணவர் பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்பவே ஒரு வேளை குடுத்துடலாமா? இல்ல ஆத்துக்குப் போய்ப் பாலுக்கு அப்புறமா? நீ சொல்லு."

முன்பு அவர் இப்படிக் கேட்டதில்லை. கொலு பொம்மைக்கு உடை உடுத்திக் கொண்டுவந்து நிறுத்தியது போல இருந்தது அந்தக் கேள்வி. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறாரா, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று கேட்கிறாரா? வீட்டுக்குப் போய் என்று நான் சொல்லி, அவர் தலையாட்டிவிட்டு, என் அம்மாவிடம் ஒரு தரம் கேட்டுக்கொள்வாரா? குழந்தை என் தோளில் இடது காதை வைத்துத் தூங்கிப்போயிருந்தாள், மூச்சு சுட்டது.

"ஆத்துக்குப் போய். பால் கொடுத்து அரை மணி கழிச்சு" என்றேன்.

"சரி" என்றார்.

லஸ் முனையில் சிக்னல் விழுந்தது. அவர் பையிலிருந்து போனை எடுக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கவில்லையோ என்னவோ.