அடுப்போரத்து முக்காலி

நான் பரிமாறும் உணவகம் புரோமோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில், தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. நகரத்துக்காரர்கள் புகையும் மலையைப் பார்த்தபடி சாப்பிடுவார்கள். பாதி நாள் மூடுபனி மலையை மறைத்துவிடும். அதற்கும் என்மேல்தான் எரிந்து விழுவார்கள். மலையை நானா எடுத்து ஒளித்துவைத்தேன்?

இந்த மலையில் வாழும் தெங்கர் சனங்கள் நாங்கள் அடுப்பைப் பார்த்துத்தான் சாப்பிடுவோம். அந்தக் குளிர் அப்படி. வீட்டுக்கு வருகிற உறவுக்காரன் நேரே அடுப்படிக்கு வந்துவிடுவான், அவனைக் கூப்பிட வேண்டியதில்லை. முன்னறையில் உட்கார்ந்தால் அவன் அந்நியன்.

சமையல்காரி தாசெமி அக்கா இதில் ரொம்பக் கறார். கேஸ் அடுப்புகளுக்குப் பின்னால் மூலையில் ஒரு மண் அடுப்பு வேண்டுமென்று முதலாளியிடம் சண்டை போட்டு வாங்கிக்கொண்டாள். மக்காச்சோளச் சோறு அதில்தான் வேகும். பக்கத்தில் ஒரு முக்காலி. யாரும் உட்காரக் கூடாது. ஒருதரம் உட்கார்ந்து கரண்டியால் அடி வாங்கியவன் நான்.

அது அவள் மகன் ஜுமாதிக்கு. இங்கே பயணிகளைக் குதிரையில் ஏற்றிப் பிழைத்தவன், நான் இந்த ஊருக்கு வருமுன்பே கப்பல் வேலைக்கென்று போனான். கொஞ்ச காலம் சேதி வந்தது, அது நின்றுபோயும் வருஷங்கள் ஆயின. அவன் மனைவி சுலாசி மாமியாரின் உருளைக்கிழங்குக் கொல்லையில் மாடாய் உழைத்தாள். அவளைக் கட்டிக்கொள்ள ஒரு நல்லவன் காத்திருந்தான். ஆனால் செத்தவனென்று ஜுமாதியின் உயிரைக் கரையேற்றும் சடங்கு நடக்காமல் ஊர் ஒப்பாது. இலையும் பூவும் கட்டிப் பொம்மை செய்து, போன உயிரை அதில் அழைத்து, எரித்து மேலே அனுப்புவோம். தாய் இருக்கும்போது வேறு யாரும் அந்தப் பொம்மையைக் கட்ட மாட்டார்கள்.

"உசிரோட இருக்கற புள்ளைக்கு நான் பொம்ம கட்டணுமா? வருவான். வந்து இதுலதான் உக்காருவான்" என்பாள் அக்கா. சுலாசி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

போன மழைக்காலத்தில் ஒரு மதியம், கண்ணாடியோர மேசைக்கு ஒருவன் வந்தான். கனத்த மேல்சட்டை, கூடவே ஒரு பெண், ஒரு சின்னக் குழந்தை. மக்காச்சோளச் சோறும் கருவாடும் கேட்டான். கையால் உருட்டிச் சாப்பிட்டான்.

"யாரு சமைக்கறது?"

"தாசெமி அக்கா. இந்த ஊர்க்காரங்கதான்."

அவன் கை நின்றது. "அப்பா, மலையே தெரியல" என்று சிணுங்கியது குழந்தை. அவன் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

உள்ளே போனால், அக்கா தான் போர்த்தியிருந்த போர்வையால் முக்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ்னோ, அவன்தான்டா. எம்புள்ள. தட்டு குடுக்கற சன்னல் வழியாப் பாத்துட்டேன்."

"ஐயோ, போய்க் கூப்பிடுங்கக்கா!"

"நான் எதுக்குக் கூப்பிடணும்? கூப்பிட்டு வந்தா அவன் விருந்தாளி. பெத்தவ அடுப்படிக்கு வழி தெரியாதா அவனுக்கு?" சற்று யோசித்தாள். "நான் இங்க இருக்கறது தெரியாதோ என்னமோ. ஏதும் கேட்டானா?"

பொய் சொல்ல நினைத்தேன், நாக்கு எழவில்லை. "கேட்டாருக்கா. உங்க பேரச் சொன்னேன்."

"அப்ப வருவான்."

அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு சமையலறை வாசலையே பார்த்து நின்றாள். வெளியே ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். மேசையில் காசும் காலித் தட்டும் இருந்தன.

தட்டோடு திரும்பி வந்தேன். அக்கா அழவில்லை.

"சோறு மிச்சம் வச்சானா?"

"இல்லக்கா. வழிச்சுச் சாப்பிட்டிருக்காரு."

"பசியாத்தான் வந்திருக்கான், பாவம்."

அன்று சாயங்காலம் சுலாசியிடம், "அவன் கப்பல்லயே போயிட்டான்மா. கனவுல வந்து சொன்னான்" என்றாள். பொம்மையைத் தானே கட்டினாள். அது எரியும்போது மார்பில் அடித்துக்கொண்டு கதறினாள். தாய்க்கு இப்போதாவது மனம் தெளிந்ததே என்றது ஊர். உயிரோடு இருக்கிறவனுக்கு அழுகிறாள் என்று எனக்கு மட்டும் தெரியும். அவள் சோற்றைத் தின்று பசியாறி, அவள் முகம் பார்க்காமல் போனவனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

சடங்குக்கு மறுநாள் சமையலறையில் என்னைப் பார்த்து, "நின்னு நின்னு கால் கடுக்கலயா? அந்த முக்காலில உக்காரு" என்றாள்.

எனக்கு மனம் வரவில்லை.

"உக்காருடா, அது சும்மாதான கெடக்கு."