உங்கள் அம்மா அனுப்பிய மாஜோங் கட்டை

பிள்ளைகளே, அந்தத் தீபாவளிக்கு அம்மா வரமாட்டாள் என்பது எனக்கு எப்படித் தெரிந்தது என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டீர்கள். நீங்கள் அப்போது ஹட்டனில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தீர்கள். கெலிஓயா வீட்டில் நான் மட்டும். அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அம்மா ஹொங்கொங்கில் ஒரு வயதான சீனப் பெண்ணைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். அந்தக் கிழவிக்கு மாஜோங் என்றால் உயிர். நான்கு பேர் உட்கார்ந்து, படமும் எழுத்தும் பொறித்த சின்னக் கட்டைகளை வைத்து ஆடும் ஆட்டம். ஆள் குறைந்தால் அம்மாவையும் உட்கார்த்திவிடுவார்களாம். அந்தக் கட்டைகள் எல்லாம் போனிலும் எழுத்து மாதிரி இருக்கின்றன என்று அந்த வீட்டுப் பேத்தி அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அம்மாவால் பேச முடியும். அதனால் இடையில் லீவு விஷயம் தெரிந்தால் ஒரு கட்டையை அனுப்புவது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டோம். லீவு கிடைத்தால் பறவை போட்ட கட்டை. கிடைக்காவிட்டால் சீன எழுத்துப் போட்டது.

ஒரு புதன்கிழமை அம்மாவிடமிருந்து மெசேஜ் வந்தது. என் போனில் வெறும் பெட்டி. நான்கு கோடு, உள்ளே ஒன்றுமில்லை. வெறும் சட்டம் மட்டும் போட்ட கட்டையும் ஒன்று உண்டு என்று அம்மா முன்பு சொல்லியிருந்தாள். அதைத்தான் அனுப்பியிருக்கிறாள், இன்னும் முடிவாகவில்லை போல என்று எடுத்துக்கொண்டேன். நம்பிக்கையில் முன்னறைக்கு வெள்ளையும் அடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கோல் எடுத்தாள்.

"அனுப்புனத பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"கோவமா?"

"இதுல என்னா கோவம்? நீ என்னா செய்வ?"

"பெறகு ஏன் ஒண்ணுமே கேக்கல?"

"கேட்டா மட்டும் நடந்துருமா?"

பிறகு உங்கள் படிப்பைப் பற்றி விசாரித்தாள்.

அடுத்த வாரம் போனில் சார்ஜ் ஏறவில்லை. டவுனில் போன் திருத்தும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனிடம் கொண்டுபோனேன். திருத்திவிட்டுத் திறந்து பார்த்தவர் கண்ணில் அந்தப் பெட்டி பட்டது.

"என்னண்ணே, மதினி வெறும் பெட்டி அனுப்பி ஈக்கிறா? சாமான் பின்னுக்கு வரும் போல!"

எனக்கும் சிரிப்பு வந்தது. அது மாஜோங் கட்டை என்றேன்.

"இல்லண்ணே, ஒங்கட போன் பழசு. தெரியாத எழுத்துக்கெல்லாம் பெட்டிதான் காட்டும். அனுப்பினது உள்ளுக்கு அப்படியே ஈக்கும். பொறுங்க."

அதைத் தன் போனுக்கு அனுப்பி, பெரிதாக்கி என் முன்னால் வைத்தார். சீன எழுத்து. பறவை இல்லை.

"நல்ல செய்தியா?"

"ஆமா நானா. சொகமா இருக்காளாம்."

அம்மா "கோவமா" என்று கேட்டது எதற்கு என்று ஏற்றத்தில் நடந்து வரும்போதுதான் விளங்கியது. நான் எல்லாம் தெரிந்துகொண்டே பேசாமல் இருக்கிறேன் என்றல்லவா அவள் நினைத்திருப்பாள்.

உங்களுக்குக் கோல் எடுத்து, அம்மா வரமாட்டாள் என்று மட்டும் சொன்னேன். பிறகு சுண்ணாம்பு மணம் போகாத அந்த அறையில் உட்கார்ந்து, போனில் சிரிக்கும் முகங்களை எல்லாம் தள்ளித் தள்ளித் தேடினேன். அந்தக் கட்டைகளில் ஒன்றே ஒன்று என் போனிலும் இருந்தது, சிவப்பு எழுத்துப் போட்டது. அது கைக்கு வந்தால் கிழவி மேசையைத் தட்டிச் சிரிப்பாள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

எனக்குக் கோபமில்லை என்று அதை அம்மாவுக்கு அனுப்பினேன்.